ஒற்றை ஆட்டுக்காரியின் விலை

செப்டம்பர் 27, 2024, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்காவோடு கன்னிவாடி ஆட்டுச்சந்தைக்குப் போய் வந்தேன். திண்டுக்கல் பக்கம் இன்னொரு கன்னிவாடி உண்டு. இது மூலனூரை ஒட்டிய எங்கள் கன்னிவாடி, வெள்ளிக்கிழமைச் சந்தை. அக்காவுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாயை விற்றாக வேண்டும். மகள் கல்லூரியில் கட்டணத்தின் அடுத்த தவணை பாக்கி நிற்கிறது.

போகாதே என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. புரட்டாசியில் யார் கிடாய் வாங்குவார்கள்? கொங்கு நாட்டில் இந்த ஒரு மாதம் பல வீடுகளில் கவுச்சி ஏறாது. கறிக்கடைக்காரர் அறுப்பதைக் குறைத்துவிடுவார், வியாபாரி வந்தாலும் மலிவாகப் பிடித்து, தீபாவளி வரை வைத்திருந்து விற்கத்தான் வருவார். இது போதாதென்று ஐப்பசி மழை வேறு வருகிறது. மழை பிடித்துவிட்டால் செம்மறிக்கு நீலநாக்கு நோய், வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லி என்று பயந்து, மழைக்கு முன்னால் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இதே வாரங்களில்தான் வருகிறார்கள். வாங்க ஆள் குறைவு, விற்க ஆள் அதிகம்.

சந்தையில் ஆட்டை நிறுப்பதில்லை. வியாபாரி கிட்டே வந்து இடுப்பெலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்துகிறார். தொடையைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். வாயைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறார். கடைசியில் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து ஒரு தூக்கு. “ஒம்பது கிலோ கறி விழுமுங்க” என்றார் முதலில் வந்தவர். அடுத்தவரும் ஒன்பது. மூன்றாமவர் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, அவருக்கும் ஒன்பதுதான். 5,800 ரூபாய்க்கு மேல் ஒருவரும் ஏறவில்லை. அக்கா கேட்டது 7,500.

வெயில் ஏற ஏற ஒரு தரகர் திரும்பத் திரும்ப வந்தார். “ஏனுங்கம்மிணி, ஆட்டை மறுபடியும் வண்டியேத்தி ஊட்டுக்கா கொண்டுபோகப் போறீங்க?” சந்தையின் சூட்சுமம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இருபது ஆடு கொண்டுவந்தவர் பன்னிரண்டை விற்று எட்டைத் திருப்பிக் கொண்டுபோவார், அவருக்கு வண்டி எப்படியும் ஓடித்தான் ஆக வேண்டும். ஒற்றை ஆட்டுக்காரிக்குக் குட்டியானை வண்டி வாடகையில் பங்கு, நுழைவுச் சுங்கம், ஒரு நாள் வேலை எல்லாம் அந்த ஒரு ஆட்டின் தலையில்தான் விழும். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் இந்த ஆண்டுக் கூலி 319 ரூபாய். அதையும் விட்டுத்தான் வந்திருக்கிறார். விற்காமல் திரும்பினால் இரட்டைச் செலவு. இது வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும் வாடகையை நான் கொடுத்தேன். கிடாய் வீட்டுக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 28, சனி

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. காலையில் பெருமாள் கோயில். வாசலில் துளசி மாலை விற்ற பெண்ணிடம் பேரம் பேசுவார் யாருமில்லை.

மாலையில் மாரியம்மன் கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி. ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து பேரன் எடுத்த ஆத்தா வரை ஒரே வட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு இந்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்த பிறகு ஊர் ஊராக இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. 87 வயது மனிதர். ஆண்கள் மட்டுமே ஆடி வந்த வள்ளி கும்மிக்குப் பெண்களையும் கொண்டுவந்தவர். அரங்கேற்றத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறையும் என்று ஈரோட்டு ஜவுளிச் சந்தை விலையை ஒரு கல்லூரிப் பெண் கைபேசியிலேயே விசாரித்துச் சொன்னாள். அக்காவின் மகள்தான். கட்டணம் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. வேப்பமரத்தடியில் பந்தல், நாற்காலி. வரவு செலவு வாசித்தார்கள். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலைப் பட்டியல்.

எங்கள் ஊரில் திங்கள்கிழமை சாயங்காலம் கூடும் சின்னச் சந்தையைப் பற்றிப் பேச எழுந்தேன். சுற்று வட்டாரத்துத் தக்காளி, கத்தரி, கீரை, கருவாடு, பாத்திரம், வளையல், விதை வெங்காயம் எல்லாம் அங்கேதான். விற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மதியம் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தால் இரவு எட்டாகிவிடும். ஒரு கழிப்பறை இல்லை. தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பதாக ஒரு கீரைக்கார அம்மா என்னிடம் சொன்னதைச் சபையில் சொன்னேன். சுங்கக் கட்டணப் பலகை வைக்க வேண்டும் என்றும் கேட்டேன். சந்தையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் வசூலிக்கிறார். எதற்கு எவ்வளவு என்று எழுதி வைக்காததால், ஒரு கூடைக் கீரைக்கும் ஒரு வண்டித் தக்காளிக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை கேட்கிறார்கள். கூடைக்காரர் வாதாட மாட்டார், வண்டிக்காரர் வாதாடிக் குறைத்துவிடுவார்.

இரண்டையும் தீர்மானத்தில் எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாமா வீட்டு முருங்கையை ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் போனோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே முருங்கைக் கொள்முதல். செடிமுருங்கை, மரமுருங்கை, கரும்பு முருங்கை என்று தனித்தனி விலை. செடிமுருங்கை என்றால் பெரும்பாலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பிகேஎம் 1 வழிதான். ஆறே மாதத்தில் காய்ப்புக்கு வருவதால் மானாவாரிக் காட்டுக்காரர்கூட நட்டுவிட்டார்கள், விளைகிறபோது எல்லாருக்கும் சேர்ந்தே விளைகிறது. பனியும் தூறலும் பூவை உதிர்க்கும் கார்த்திகை, மார்கழியில் விலை வானத்துக்குப் போகும். அப்போது எங்கள் மரத்திலும் காய் இருக்காது.

முருங்கையை மறுநாள் வைத்திருக்க முடியாது. வாடிவிடும். ஆகவே வியாபாரி சொன்ன விலைக்கு மாமா மறுபேச்சுப் பேசவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலம். இதைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குக் கன்னிவாடி நினைவுதான் வருகிறது.

இங்கே முறை வேறு. விவசாயி மூட்டையை இறக்குகிறார். கூடத்துத் தராசில் எடை, சீட்டு. ஒவ்வொரு குவியலுக்கும் எண். வியாபாரிகள் நடந்து நடந்து பருப்பை உடைத்து, ஈரம் பார்த்து, ஒருவர் எழுதும் விலை இன்னொருவருக்குத் தெரியாதபடி எழுதிக் கொடுக்கிறார்கள். எது அதிகமோ அதுவே விலை. பிடிக்காவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம், மூட்டையைக் கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த வாரம் வரலாம். இந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத்தான் முதல் ஒழுங்குமுறைச் சந்தை திறந்தார்கள். எடையில் ஏமாற்று, தரகு என்று பல பெயரில் பிடித்தம், இவற்றைத் தடுக்கவே அந்தச் சட்டம்.

இன்று விற்றவர்களின் முகம் தெளிவாக இருந்தது. வருடத் தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்த கொப்பரை ஏறிவிட்டது. அரவைக் கொப்பரைக்கு இந்த ஆண்டு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். அதையும் தாண்டி ஓடுகிறது. வெயிலில் காய்ப்பு குறைந்தது ஒரு காரணம். செப்டம்பர் 14 முதல் இறக்குமதி பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு மத்திய அரசு வரியை உயர்த்தியது இன்னொன்று. டெல்லியில் போட்ட வரி மூன்றே வாரத்தில் எங்கள் களத்து மேட்டுக்கு வந்துவிட்டது.

கொப்பரைக்கு எழுதப்பட்ட எடையும் மறைமுக ஏலமும் கிடங்கும் உண்டு. ஆட்டுக்கு ஏன் ஒரு தராசுகூட இல்லை? கொப்பரையில் தோப்பு உள்ளவர் இருக்கிறார். ஆட்டில் இருப்பது பெரும்பாலும் அக்கா மாதிரி ஆட்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் அவர் மாமியாருக்கு நாலு கிடைத்தன. இன்று பட்டியில் நிற்பவை அவற்றின் வழி வந்தவை. அந்த நாலு ஆட்டை வைத்து ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்றால், அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். விற்கிற இடத்தில் அவள் அம்மாவுக்கு நியாயம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்வது அதன் மிச்ச வேலை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. எங்கள் ஊர்க் கொப்பரைக் கடை மேடைத் தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டு, அதே தராசில் அக்காவின் கிடாயை நிறுத்தோம். தொழிலாளர் துறை முத்திரை இந்த வருடத்தியது, பார்த்துக்கொண்டேன். 22 கிலோ. அதிகாலையில், தீனி தண்ணி காட்டாமல் நிறுத்த எடை.

உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 10 கிலோவுக்கு மேலேயே விழும். சந்தையில் மூன்று பேரும் சொன்ன ஒன்பது எங்கிருந்து வந்தது?

அக்டோபர் 18, வெள்ளி

மழை. வடகிழக்குப் பருவமழை செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தலை தூக்கும், கிளுவை வேலி துளிர்க்கும். விற்காமல் வைத்திருக்கச் செலவு குறைகிற வாரம் இது. அக்கா சந்தைக்குப் போகவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

வருகிற வியாழன் தீபாவளி. விடியாத நேரத்திலேயே கன்னிவாடியில் வண்டி நிறுத்த இடமில்லை. கரூர், திருப்பூர் பக்கத்து வியாபாரிகள், கறிக்கடைக்காரர்கள், நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடிக்க வந்த ஊர்க்காரர்கள். கட்டுக் கட்டாகப் பணம் கைமாறியது. மார்ச், ஏப்ரலில் தேர்தல் நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை பிடிக்கும் என்று வெளியூர் ஆட்கள் வராமல் கிடந்த அதே திடல்.

இந்த முறை நாங்கள் தனியாகப் போகவில்லை. எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் விற்க இருந்தார்கள். ஒரே குட்டியானையில் ஏழு ஆடு, வாடகை பிரித்துக்கொண்டோம். விற்காவிட்டால் திரும்பவும் ஏற்றுவது என்று முதலிலேயே பேசி முடிவு. போவதற்கு முன் எல்லா ஆட்டையும் நிறுத்து எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டோம். அக்காவின் கிடாய் 24 கிலோ.

அதே தரகர் வந்தார். விரல் வைத்து அழுத்தினார், தூக்கினார். “பத்துக் கிலோ விழுமுங்க.” அக்கா சீட்டை எடுத்து நீட்டினார். “நிறுத்துட்டுத்தானுங்க வந்திருக்கேன். பதினொண்ணுக்குக் கொறையாது. வேணும்னா எங்கூர்த் தராசுக்கே வாங்க.”

தரகர் கோபப்படவில்லை. அவர் சொன்ன பதிலையும் எழுதி வைக்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. “தராசு உயிரோட எடையைத்தானுங்க காட்டும். கெளம்பறதுக்கு முன்னால தவுட்டுத் தண்ணியக் குடிக்க வெச்சா ரெண்டு கிலோ ஏறிக்கும். நாங்க அதுக்கு எப்படிங்க காசு குடுக்கறது? கைக்கு மட்டுந்தான் கறி தெரியும்.” தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்பிக் கொண்டுவருவது உண்மையாகவே நடக்கிறது. கை அறிந்த தேர்ச்சியையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நாற்பது வருடம் தூக்கிப் பார்த்த கை அது. ஆனால் அந்தத் தேர்ச்சி வாங்குகிறவரிடம் மட்டும் இருக்கிறது. விற்கிறவளுக்கு ஒரு எண்ணாவது கையில் வேண்டும். அதை வைத்துக்கொண்டு இருவரும் பேசட்டும்.

பேசினார்கள். 7,800இல் தொடங்கியது, அக்கா 9,500இல் நின்றார். ஒரு கறிக்கடைக்காரர் நடுவில் வந்து நேரடியாகக் கேட்டார். 8,900க்கு முடிந்தது. கயிற்றை அவிழ்த்து அக்கா எடுத்துக்கொண்டார், வாங்கியவர் தன் கயிற்றைப் போட்டார். தண்டல் கடன் வாங்கி ஒரு தவணையை ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். இந்தப் பணம் முதலில் அதற்குப் போகும்.

கூட வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் எதிர்பார்த்த விலை வரவில்லை. கிழட்டுப் பெட்டை ஆடு. வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம். அவர் முகம் சுண்டவில்லை.

இரவு உட்கார்ந்து மனு எழுதினேன். அடுத்த கிராம சபைக்கு ஒரு படி, சந்தைப் பேரூராட்சிக்கு ஒரு படி, கால்நடைத் துறைக்கு ஒரு படி. ஆட்டுச்சந்தை நுழைவாயிலில் முத்திரையிட்ட மேடைத் தராசு ஒன்று, வேண்டுவோர் மட்டும் நிறுத்துக்கொள்ள. சீட்டில் எடையோடு நேரமும் இருக்கட்டும். போன வாரச் சந்தையின் விலையை எழுதி வைக்கும் கரும்பலகை. பெண்களுக்குக் கழிப்பறை. ஒரு ஆடு, இரண்டு ஆடு கொண்டுவருபவருக்குச் சுங்கம் வேண்டாம். அக்கா முதல் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரிடமும் ஞாயிறு காலை வாங்க வேண்டும். கொப்பரைக் கடைக்காரர் தானும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.