மண்ணுள் நாழிகை வட்டில்

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரியொன்று கி.மு. 3345-ஆம் ஆண்டளவினது எனத் தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிவித்தது. தமிழ் பயிலும் யாம் அதனைக் கேட்டுப் பெருமகிழ்வு எய்தினோம். ஆயினும், ஐயாயிரம் ஆண்டிற்கு முற்பட்ட காலத்தை இற்றைநாள் அறிஞர் எவ்வாறு அளந்தனர் என்பதை அறிதல், அம்மகிழ்வினும் இன்றியமையாததன்றோ? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மரமும் நெல்லும் உயிரோடிருக்குங்கால் காற்றினின்றும் 'கார்பன் 14' என்னும் நிலையற்ற அணுக்களைச் சிறிதளவு ஏற்கின்றன. உயிர் நீங்கியபின் அவை புதியனவாய்ச் சேரா. உள்ளனவும் 5,730 ஆண்டிற்கு ஒருமுறை பாதியாய்க் குறையும். எஞ்சியவற்றை அளப்பின் கழிந்த காலம் புலனாம். இம்முறையைக் கண்ட வில்லார்டு லிபி என்பார் 1960-இல் நோபெல் பரிசு பெற்றார்.

பானையோட்டிற்கு வேறொரு முறை உண்டு. களிமண்ணிற் கலந்த படிகமணல், சூழ்ந்த மண்ணின் கதிர்வீச்சால் ஆற்றலைச் சிறிது சிறிதாய்ச் சேர்த்து வைக்கும். குயவனது சூளைவெப்பம் பழைய சேமிப்பை அறவே போக்க, அன்று தொட்டுக் கணக்குப் புதிதாய்த் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் அம்மணல்மீது ஒளியைப் பாய்ச்சின், சேர்ந்த ஆற்றல் மெல்லொளியாய் வெளிப்படும். அதனை அளந்து, ஓடு சூளையில் வெந்த காலத்தைக் கணிப்பர்.

இனி ஓர் ஐயம் எழும். அதே சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சார்ந்ததென 2021-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையே 2,190 ஆண்டு உளது. நெடுங்காலம் பல தலைமுறையினர்க்கு அவ்விடம் இடுகாடாய் இருந்திருத்தல் கூடும். மேலும், கரி காட்டுவது மரம் வளர்ந்த காலமேயன்றி இரும்பை உருக்கிய காலமன்று. ஆதலின் அறிஞர் சிலர் மேலும் சான்று வேண்டுகின்றனர். அவர்தம் வினாவைத் தமிழ்ப்பகையென்று இகழ்தல் தகாது. வினாவிற்கு விடையிறுத்து நிற்கும் பழமையே உலகம் ஒப்பும் பழமையாம்.

இச்செய்தி எம்மூர்க்குச் சேய்மைத்தன்று. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்திலும் தொல்லியல் துறையினர் 2024-இல் அகழ்ந்து, ஈமத்தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் கண்டனர். கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுளதாகத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டியதனைப் புறநானூற்றின் 256-ஆம் பாட்டிற் பயின்றுள்ளோம். அத்தகைய தாழிகள் எம் பக்கத்து மண்ணிலேயே உறங்குகின்றன.

ஆகலின், விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்காள்! கிணறு தோண்டுங்காலோ உழுங்காலோ தாழி தென்படின், அதனைப் பெயர்த்து வீட்டிற்குக் கொணராதீர். சூழ்ந்த மண்ணின் கதிர்வீச்சையும் அறிந்தாலன்றி ஓட்டின் காலம் கணித்தற்கரிது. இடம்பெயர்ந்த கரியும் எதனோடு கிடந்ததென்று கூறமாட்டாது. உள்ளவாறே விடுத்து, கிராம நிருவாக அலுவலர்க்கு அறிவிப்பீராக. தமிழின் தொன்மைக்கு மாணவராகிய நாம் செய்யவல்ல தொண்டுகளுள் இதுவும் ஒன்றாம்.