பொம்மைக்கு ஏது பெயர்?



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், செவிலியர் கல்லூரியில் பயிலும் நம் சபைப் பிள்ளைகள் மூவர் ஜெபிக்கும்படி கேட்டு வந்தனர். மறுநாள் அவர்களுக்கு ‘ஆஸ்கி’ தேர்வு. இப்பெயரை உங்களில் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்னும் பேராசிரியரும் உடன்பணியாளரும் மருத்துவ மாணவருக்காக வகுத்து, 1975-இல் வெளியிட்ட செய்முறைத் தேர்வு முறை அது. பின்னர் செவிலியர் கல்விக்கும் வந்தது. வரிசையாக மேசைகள் இருக்கும். ஒன்றில் இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். ஒன்றில் பொம்மைக்கு ஊசி போடவேண்டும். வேறொன்றில் நோயாளியாக நடிப்பவரிடம் பேசவேண்டும். சில நிமிடங்களில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகரவேண்டும். தேர்வாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செயலாகக் குறித்துக்கொள்வார்.

“எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஐயா. ஆகவே நியாயமான தேர்வுதான்” என்றாள் ஒருத்தி. வார்டில் நடுங்காத கை மணியோசைக்கு நடுங்குகிறது என்றாள் இரண்டாமவள். மூன்றாமவளுக்கு மனத்தாங்கலே இருந்தது. “போனமுறை பொம்மையிடம் பெயர் கேட்க மறந்துவிட்டேன், மதிப்பெண் போயிற்று. பொம்மைக்கு ஏது ஐயா பெயர்?”

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே ஓர் இரவு நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன். நள்ளிரவில் ஊசியோடு வந்த இளம் செவிலி என் முழுப்பெயரையும் வயதையும் கேட்டாள். “காலையிலிருந்து எத்தனை முறை சொல்வது?” என்று சினந்தேன். (போதகருக்கும் வலி வந்தால் பொறுமை போய்விடுகிறது.) அவள் பொறுமையாக மறுபடியும் கேட்டாள்; என் கைப்பட்டையைப் பார்த்தாள்; ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் என் பெயரே. அது அவருக்குரிய மருந்து. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “சரி ஐயா, பெயர் கேட்கிறேன். ஆனால் அழுகிறவரிடம் பேசிக்கொண்டிருக்கையில் மணி அடித்தால், பாதியில் எழுந்து போவதையும் பழகிக்கொள்ளவேண்டுமா?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. கேள்வி நியாயமானது என்று மட்டும் சொல்லி, மூவருக்காகவும் ஜெபித்தேன்.

திங்கள் மாலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். பொம்மையிடம் பெயர் கேட்டாளாம். நோயாளியாக நடித்து அழுதவரின் மேசையில் மணி அடித்த பிறகும், சொல்லிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டே எழுந்தாளாம். தேர்வாளர் என்ன குறித்துக்கொண்டார் என்பது இன்னும் தெரியவில்லை.