நான் செய்த வைத்தியம்

சகோதரிகளே, உங்களில் யாராவது டாக்டருக்குத் தெரியாமல் வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

என் கணவருக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் 260 இருந்தது. என் மாமனார் 52 வயதில் மாரடைப்பால் போனவர். ஆகவே டாக்டர் தாமதிக்காமல் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் இரவு ஒன்று. மூன்றே மாதத்தில் 180-க்கு இறங்கிவிட்டது. அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? இருக்கவில்லை!

ஒரு நாள் உறைமோர் வாங்க வந்த அடுத்த வீட்டு மாமி, "ஆயுசு முழுக்க மருந்தா? உடம்பு என்னத்துக்கு ஆகும்? பி வைட்டமின் கொலஸ்டிராலைக் குறைக்குமாம். வைட்டமின் என்றால் ஆகாரம் மாதிரி, கெடுதல் கிடையாது" என்றாள். அவ்வளவுதான், அன்று மாலையே பி காம்ப்ளெக்ஸ் வாங்கிவிட்டேன். இரவில் அவர் பத்திரிகையிலிருந்து தலை நிமிராமலே கையை நீட்டுவார். நான் எதை வைத்தாலும் விழுங்குவார். அவ்வளவு நம்பிக்கை!

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. 255! "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவள் கையால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை" என்றார் என் கணவர், பெருமையாக.

எனக்குத் தொண்டையை அடைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. "மாமி சொன்னது முழுப் பொய் இல்லை, அம்மா. பி வைட்டமின்களில் நியாசின் என்று ஒன்று. அதற்கு இரண்டு உருவம்: நிகோடினிக் அமிலம், நிகோடினமைடு. கொலஸ்டிராலைக் குறைப்பது முதலாவது. 1955-இல் கனடாவில் ஆல்ட்ஷூல், ஹாஃபர், ஸ்டீஃபன் என்ற மூவர் அதைக் கண்டறிந்தார்கள். பி காம்ப்ளெக்ஸில் பெரும்பாலும் இருப்பதோ இரண்டாவது. வைட்டமின் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் இது கொலஸ்டிராலைத் தொடவே தொடாது" என்றார்.

"அப்படியானால் அந்த முதலாவதை..." என்று இழுத்தேன்.

"உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 16 மில்லிகிராம். கொலஸ்டிரால் இறங்க 1,000 முதல் 3,000 வரை வேண்டும். அப்புறம் அது ஆகாரமா? முகம் குப்பென்று சிவந்து எரியும். ஈரல் கெடலாம். சர்க்கரை ஏறலாம். ஸ்டாடின் சாப்பிடும் 25,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இதையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியாயிற்று. கொலஸ்டிரால் கொஞ்சம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. தொல்லைகள்தான் அதிகமாயின."

வீடு வரும்வரை என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரவு வழக்கம்போல் கையை நீட்டினார். பழைய மாத்திரையையே வைத்தேன். உடனே விழுங்கவில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் வாயில் போட்டுக்கொண்டார்.

சகோதரிகளே, மருந்தை மாற்றத் தோன்றினால் மாமியைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் கொலஸ்டிரால் பழையபடி இறங்கிவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் மாத்திரையை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறார்!