செருப்பு நழுவிய நாள்

என் மனைவியின் முதுகுவலியை வாயுவென்று எண்ணித் தைலம் தேய்த்தோம். மும்பை ரெயிலில் நின்றே போகிறவர்களில் யாருக்குத்தான் முதுகு வலிக்காது? ஆனால் இரவில் படுத்தால் வலி மிகுந்தது. ஒருநாள் செருப்பு காலைவிட்டு நழுவியதையும் அவள் உணரவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில், தண்டுவடத்தின் உறைக்குள் கட்டியொன்று தெரிந்தது. புற்றுநோயோவென்று கேட்க எனக்கு நா எழவில்லை. அங்கே தோன்றுவனவற்றுள் பல புற்றல்ல, ஆயினும் தண்டுவடத்தை நசுக்கினால் கால்கள் முடங்கும் என்றார் மருத்துவர். 1887-இல், எக்ஸ்ரேயும் இல்லாத காலத்தில், லண்டனில் கவர்ஸ் என்பவர் நோய்க்குறிகளைக் கொண்டே கட்டியின் இடத்தைக் கணித்தார். ஹார்ஸ்லி அங்கே காணாமல், இன்னும் மேலே எலும்பை அகற்றிக் கண்டெடுத்தார்.

இவளுக்கு நுண்ணோக்கியின் துணையால் எடுத்தனர். ஆய்வில் புற்றல்லவென்று தெரிந்தது. மூன்றாம் நாள் காலூன்றியவள், "தரை சில்லென்றிருக்கிறதே, என் செருப்பு எங்கே?" என்றாள்.