ஹெல்த்: ஒரு சொல்லின் கதை

1/ ஹெல்த் கார்டு, ஹெல்த் செக்கப், ஹெல்த் இன்சூரன்ஸ்... ஆங்கிலம் தெரியாதவங்களும் தினமும் சொல்ற வார்த்தை. அது பிறந்த கதையில டாக்டர், நோயாளி ரெண்டு பேருக்குமே ஒரு சேதி இருக்கு. பொறுமையா படிங்க.

2/ ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாம் ஜெர்மானிக் என்ற ஒரே குடும்பம். இந்த மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மூலச்சொல் 'ஹைலஸ்'. பொருள்: முழுசா, சேதமில்லாம இருப்பது.

3/ 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் பைபிளைக் கோத்திக் மொழிக்குக் கொண்டுவந்தார். அந்த மொழியில 'ஹைல்ஸ்'னா உடம்பு நல்லா இருக்கிறவர்.

4/ பழைய ஆங்கிலத்துல அது 'ஹால்'. அதிலிருந்து வந்ததுதான் 'ஹோல்', அதாவது முழுசு. 'ஹீல்'னா முழுசாக்குவது. 'வார்ம்', 'வார்ம்த்' ஆன மாதிரி ஒரு 'த்' சேர்ந்து 'ஹெல்த்', முழுசா இருக்கும் நிலை. 'ஹோல்' எழுதும்போது முன்னாடி வர்ற டபிள்யூ பிற்காலத்துல ஒட்டிக்கிட்டது. அதனாலதான் இந்தச் சொந்தம் நம்ம கண்ணுல படறதில்லை.

5/ ஸ்வீடிஷ்ல 'ஹெல்சா'ன்னா ஆரோக்கியம். ஒருத்தருக்கு வணக்கம் சொல்றதுக்கும் அதே சொல்தான்! நாம பார்த்ததும் "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்கிற மாதிரி.

6/ நம்ம 'ஆரோக்கியம்' வடமொழிச் சொல். ரோகம் இல்லாத நிலைன்னு அர்த்தம். அது இல்லாததைச் சொல்லுது, 'ஹெல்த்' இருக்கிறதைச் சொல்லுது. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமும், நோய் இல்லாதது மட்டும் போதாது, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலம் வேணும்னுதான் சொல்லுது.

7/ இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லைங்க. சர்க்கரைப் புண்ணால கால் விரலை எடுத்தவங்க ஓபிக்கு வருவாங்க. புண் ஆறியிருக்கும், சுகரும் கட்டுக்குள்ள இருக்கும். ஆனா வேலையை விட்டிருப்பாங்க. விசேஷ வீடுகளுக்குப் போறதை நிறுத்தியிருப்பாங்க. புண் ஆறிடுச்சு, ஆள் இன்னும் ஆறலை.

8/ முழுமைன்னா பத்து விரலும் இருக்கணும்னு இல்லை. பழையபடி வாழ்க்கைக்குள்ள வரணும். பாதத்துக்கு ஏத்த எம்சிஆர் செருப்பு, நடைப் பயிற்சி, செய்யக்கூடிய ஒரு வேலை, மனசுவிட்டுப் பேச ஒரு ஆள். இதுவும் வைத்தியம்தான்.

9/ உங்க வீட்டுல ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க இருந்தா "ரிப்போர்ட் நார்மல்தானே"ன்னு விட்டுடாதீங்க. "முன்னாடி செஞ்சதுல இப்ப எது முடியலை?"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதை ஒரு தாள்ல எழுதி, அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்களுக்கு எந்த ஸ்கேன்லயும் தெரியாத விஷயம் அது.

நலமா இருங்க.