டைகர் ஹில்லுக்கு முன்னால் ஒரு மலை

கார்கில் போர் என்றாலே எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது டைகர் ஹில்தான். உச்சியில் மூவர்ணக் கொடியோடு வீரர்கள் நிற்கும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பு இன்னொரு மலையில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசுபவர்கள் அதைவிடக் குறைவு. அந்த மலையின் பெயர் டோலோலிங். டோலோலிங் இல்லாமல் டைகர் ஹில் இல்லை!

ஒரு மொட்டை மலைக்காக ஏன் இத்தனை உயிர்கள்? இந்தக் கேள்விக்கு விடை உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. ஸ்ரீநகரில் இருந்து லே செல்லும் நெடுஞ்சாலை திராஸ் வழியாகப் போகிறது. லடாக்கில் இருக்கும் ராணுவத்துக்கு உணவு, எரிபொருள், வெடிமருந்து கொண்டு போகும் முக்கியமான வழி அது. குளிர்காலத்தில் ஜோஜி லா கணவாயைப் பனி மூடிவிடும். கோடையில் சேர்த்து வைப்பதை வைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். 1999-ல் பாகிஸ்தான் படையினர் டோலோலிங் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே போகும் ஒவ்வொரு லாரியையும் பார்த்துப் பீரங்கிக் குண்டுகளை வீசச் செய்தார்கள். அதாவது, மலையைப் பிடித்தவன் கையில் சாலை இருந்தது.

மே மாதக் கடைசியில் 18 கிரெனேடியர்ஸ் படைப்பிரிவு டோலோலிங் மேல் ஏறத் தொடங்கியது. மறைந்துகொள்ள ஒரு மரம் கூடக் கிடையாது. மூச்சு விடுவதே கஷ்டமான உயரம். முதுகில் சுமை. மேலே பாறைகளுக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள். பகலில் தலை தூக்க முடியாது, இரவில்தான் நகர முடியும். மேலே இருப்பவன் பத்துப் பேர் என்றால், கீழிருந்து ஏறுபவன் பல மடங்கு வேண்டும். மலைப் போரின் கணக்கே அப்படி.

மே 28-ம் தேதி, டோலோலிங் பகுதியில் தாக்கப் போன விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். மே 30-ல் மேஜர் ராஜேஷ் அதிகாரி. ஜூன் 2-ல் லெப்டினன்ட் கர்னல் விஸ்வநாதன். உச்சி மட்டும் கைக்கு வரவில்லை. ஆனாலும் கிரெனேடியர்கள் பிடித்த இடத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை. உச்சிக்குக் கீழே பாறைகளோடு பாறைகளாக ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

அந்த இடத்தில் இருந்துதான் 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் வீரர்கள் ஜூன் 12 இரவு தாக்குதலைத் தொடங்கினார்கள். போஃபர்ஸ் பீரங்கிகள் மேலே குண்டுமழை பொழிந்தன. மேஜர் விவேக் குப்தா உள்ளிட்ட பலர் உயிரைக் கொடுத்த பிறகு, 13-ம் தேதி டோலோலிங் இந்தியாவின் கைக்கு வந்தது. போர் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய வெற்றி அது.

அதன் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜூலை 3 இரவு, அதே 18 கிரெனேடியர்ஸ் டைகர் ஹில்லில் ஏறியது. இந்த முறை சுலபமான பக்கத்தை விட்டுவிட்டு, யாரும் ஏற மாட்டார்கள் என்று எதிரி நம்பிய செங்குத்தான பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கயிறு கட்டிக்கொண்டு முன்னால் போனவர் 19 வயது யோகேந்திர சிங் யாதவ். குண்டுகள் பாய்ந்த பிறகும் ஊர்ந்து போய் எதிரியின் பதுங்கு குழியில் கையெறிகுண்டை வீசினார். பரம்வீர் சக்ரா பெற்றார். அந்த வயதில் பலர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருப்பார்கள்!

கணக்குப் புத்தகத்தில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுவார்கள். டைகர் ஹில் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கான செலவில் பெரும் பங்கு டோலோலிங் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எங்கே நேராக ஏறக்கூடாது, பீரங்கி எவ்வளவு வேண்டும் என்ற பாடத்தை அங்கே இறந்தவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர். திராஸில் அவர்களுக்கான நினைவிடம் டோலோலிங் மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 26-ம் தேதியும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். கொடி நட்டவர்களைக் கொண்டாடும்போது, பாதி வழியில் விழுந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஏறிய பாதி தூரம் இல்லாமல் யாரும் உச்சிக்குப் போயிருக்க முடியாது.