வெண்தோல்

அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள பேர்மியூடாத் தீவின் கடல் மணலுக்குள் நூலிழை போன்ற ஒரு புழு வாழ்கிறது. ஒலாவ் கியரே என்ற ஜேர்மன் விலங்கியலாளர் 1979ல் அதனை அறிமுகப்படுத்தினார். இனானிட்ரிலஸ் லியூக்கோடெர்மாட்டஸ் என்பது அதன் இன்றைய பெயர். முற்பாதிக்கு வெறும் புழு என்று பொருள். பிற்பாதிக்கு வெண்தோல் உடையது என்று பொருள்.

அந்தப் பிற்பாதிதான் என்னை நிறுத்தியது. லியூக்கோடெர்மா! எங்கள் வீட்டில் பல வருடங்கள் தாழ்ந்த குரலில் மட்டுமே உச்சரிக்கப்பட்ட சொல். ராத்தாவின் வலது புறங்கையில் பயறளவில் தோன்றிய வெள்ளை, மணிக்கட்டு வரை படர்ந்தது. தோலுக்கு நிறம் தரும் கலங்கள் அழிவதால் வருவது, தொற்றாது என்றார் டாக்டர். ஊரோ வெண்குட்டம் என்றது. குட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொன்னால் யார் கேட்டார்கள்? பெண் பார்க்க வந்தவர்கள், தேநீர் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, குடிக்காமலே எழுந்து போனார்கள். அடுத்த தடவை தேநீர்த் தட்டை உம்மா என்னிடம் தந்தார். வந்தவர்கள் இளையவளைத் தருவீர்களா என்று சொல்லியனுப்பினார்கள். வாப்பா பதில் அனுப்பவில்லை.

இந்தப் புழுவுக்கு வாயில்லை, குடலுமில்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதன் தோலைப் பார்த்தால் மேலே மெல்லிய புறத்தோல், கீழே மேற்றோல் கலங்கள். இரண்டுக்கும் நடுவே பற்றீரியாக்கள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. மணலின் ஆழத்திலிருந்து கிடைக்கும் சல்பைட்டைக் கொண்டு அவை உணவை ஆக்குகின்றன. அதில்தான் புழு சீவிக்கிறது. ஒட்சிசன் உள்ள மேல்மணலுக்கும் சல்பைட்டு உள்ள அடிமணலுக்கும் இடையே அது ஏறி இறங்கித் திரிவதும் அவற்றுக்காகவே. முட்டையிடும்போது தாய் தன் பற்றீரியாக்களை முட்டையின் மேல் பூசிவிடுகிறது. பிள்ளைக்கு அது கொடுக்கும் சீதனம் அதுதான்.

வெண்மை எங்கிருந்து வந்தது? பற்றீரியாக்கள் தம்முள் சேர்த்து வைக்கும் கந்தகத் துணிக்கைகளே வெளியே அப்படித் தெரிகின்றன. அந்த வெள்ளை, புழுவின் களஞ்சியம்.

ராத்தாவின் வெண்மை இழப்பினால் வந்தது. புழுவின் வெண்மை இருப்பினால் வந்தது. இரண்டையும் ஒன்றெனச் சொல்ல விஞ்ஞானம் இடந்தராது. ஆனால் கியரே நிறத்தைக் கண்டதோடு நிற்கவில்லை. தோலுக்குள் என்ன இருக்கிறது என்று தேடினார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் தோலோடு திரும்பிவிட்டார்கள். அந்தக் கையைப் பிடித்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் எழுத்தை எழுதப் பழகினார்கள்.